சுற்றம் வேறு, விருந்து வேறு

விருந்து என்னும் சொல்லின் அடிப்படைப் பொருள் சோறும் கறியும் அன்று, புதுமை என்பதேயாம். தொல்காப்பியச் செய்யுளியல் எண்வகை வனப்புகளுள் ஒன்றற்கு விருந்து எனப் பெயரிட்டுப் புதிதாகப் புனையப்படும் செய்யுளை அப்பெயரால் சுட்டுகின்றது. அப்புதுமைப் பொருளே, முன்பின் அறியாதவராய் இல்லம் புகும் மனிதரையும் அவர்பொருட்டு இடப்படும் உணவையும் குறிக்கின்றது. வள்ளுவப் பெருந்தகையும் இவ்வேறுபாட்டில் மிகத் தெளிவாக நின்றார். விருந்தோம்பலை அறத்துப்பாலில் 9ஆம் அதிகாரமாக வைத்தவர், உறவினரைத் தழுவி வாழும் சுற்றந்தழாலைப் பொருட்பாலில் 53ஆம் அதிகாரமாகத் தனியே வைத்தார். இரண்டும் வாழ்க்கைக்கு வேண்டுவனவே. எனினும், ஒன்றைச் செய்துவிட்டு மற்றொன்றையும் செய்ததாகக் கணக்கெழுத இயலாது.

புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்திலும் இதே தெளிவு உண்டு. எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 13ஆம் அதிகாரம் வலியுறுத்தும் பண்புக்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் பிலொக்சேனியா என்பது. அயலார்மீது கொள்ளும் அன்பு என்பது அதன் நேர்ப்பொருள். சொந்தச் சகோதரர்மீது கொள்ளும் அன்பிற்கு அம்மொழியில் வேறு சொல் இருக்கின்றது. அச்சொல்லை முதல் வசனத்தில் வைத்த ஆசிரியர், அடுத்த வசனத்திலேயே அயலாரன்பை நினைவூட்டுகின்றார். முன்னதைச் செய்வோர் பின்னதை மறப்பர் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார் போலும்!

குறளும் விவிலியமும் ஆகிய இவ்விரு செல்வங்களுக்கும் ஒருங்கே உரிமை பூண்டவை தமிழ்க் கிறித்தவச் சபைகள். ஆதலின், புதியவரை ஏற்பதில் அவை ஏனைய மக்களுக்கு முன்னோடிகளாக விளங்கியிருத்தல் வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்று காணப்படும் நிலை என்ன?

வாயிற் புன்னகை

ஞாயிறு வழிபாட்டிற்கு அறிமுகமற்ற ஒருவர் வருகின்றார் என்க. வாயிலில் நிற்பவர் கைகூப்பிப் புன்னகைத்துப் பாட்டுப் புத்தகத்தைக் கொடுக்கின்றார். அறிவிப்பு நேரத்தில் புதியவர் எழுந்து நிற்குமாறு அழைக்கப்படுகின்றார். பெயரும் ஊரும் கேட்கப்படுகின்றன, கைத்தட்டல் எழுகின்றது, எழுதுகோல் ஒன்றோ சிற்றேடு ஒன்றோ பரிசாகத் தரப்படுகின்றது. ஆசி கூறி முடிந்த பின் சபையார் வழக்கமான வட்டங்களாகப் பிரிந்து விடுகின்றனர். ஒரு வட்டத்தில் கலியாணப் பேச்சு; இன்னொன்றில் ஆலயத் தேர்தல் பேச்சு; மற்றொன்றில் பிள்ளைகளின் தேர்வுப் பேச்சு. புதியவர் தேநீர்க் குவளையுடன் அறிவிப்புப் பலகை அருகில் தனியே நின்று, ஏற்கெனவே படித்ததையே மீண்டும் படித்துவிட்டு வெளியேறுகின்றார். அடுத்த ஞாயிறும் வருவார். மூன்றாம் ஞாயிறு வாரார். வாராமையைக் கவனித்தவரும் எவரும் இலர்.

இதனை விருந்தோம்பல் என்று அழைப்பது தமிழுக்கும் தீங்கு, வேதத்திற்கும் தீங்கு. எழுந்து நிற்கச் செய்து ஆயிரம் கண்களால் அளப்பது வரவேற்பு அன்று. அறிமுகமற்றவரை அறிமுகமற்றவர் என்று எல்லார்க்கும் பறைசாற்றுவதாகும். விருந்தினரின் உள்ளம் அனிச்ச மலரினும் மென்மையானது என உணர்ந்து, முகம் சற்றே மாறினும் அது வாடும் என எச்சரித்தார் வள்ளுவர். அவ்வதிகாரத்தை மாணவர்க்கு மனனம் செய்விக்கும் ஆசிரியர்களே பல சபைகளில் மூப்பர்களாகவும் செயலாளர்களாகவும் இருக்கின்றனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கிறிஸ்துமஸ் காலத்துத் திறந்த இல்ல உபசரிப்பையும் இவண் நோக்குதல் வேண்டும். பல இனத்தவரும் ஒரு கூரையின்கீழ் உண்ணும் அவ்வழக்கம் இம்மண்ணின் பெருமை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆலயங்கள் நடத்தும் உபசரிப்புகளில் முன்வரிசை நாற்காலிகள் யாருக்கு ஒதுக்கப்படுகின்றன? பட்டம் பெற்றோர்க்கும், பதவியில் உள்ளோர்க்கும், நன்கொடை தருவோர்க்குமே! லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் இயேசு பெருமான் தமக்கு விருந்தளித்தவர் வீட்டிலேயே அமர்ந்துகொண்டு, நண்பரையும் உறவினரையும் செல்வரான அயலகத்தாரையும் அழைப்பதில் பயனில்லை என்றார். அவர்கள் திரும்ப அழைத்துக் கடனைத் தீர்த்துவிடுவர். திரும்ப அழைக்க வகையற்ற ஏழையரையும் உடல் ஊனமுற்றோரையும் அழைக்கச் சொன்னார். இப்பகுதியை மேடையில் வாசிப்போர் உண்டு. விருந்தினர் பட்டியல் எழுதும்போது இதனை நினைப்போர் எத்தனை பேர்?

பழைய நோயும் பழைய மருந்தும்

இந்நோய் புதியது அன்று. திருச்சபை தோன்றிய முதல் நூற்றாண்டிலேயே இது தலைகாட்டியது. கொரிந்து நகரத்துச் சபையார் ஆண்டவரின் பந்திக்குக் கூடியபோது, வசதி படைத்தோர் முந்திக்கொண்டு உண்டனர்; ஏழையர் பசியோடு நின்றனர். அப்படி உண்பது ஆண்டவரின் பந்தியே அன்று எனப் பவுல் கடிந்தெழுதினார். யாக்கோபின் நிருபமோ இன்னும் கூர்மையாகச் சொல்கின்றது. பொன்மோதிரமும் மின்னும் ஆடையும் அணிந்து வந்தவர்க்கு நல்ல இருக்கை. கந்தை அணிந்து வந்தவர்க்குக் காலடியில் இடம். இவ்வாறு செய்வோர் தீயசிந்தை கொண்ட நீதிபதிகள் என்பதே அந்நிருபத்தின் தீர்ப்பு. சபைக்குள் நுழைந்தவர் யார் என்று அறியப்படுமுன்னரே அவருடைய ஆடை அவருக்கு இருக்கையைத் தீர்மானித்துவிட்டது என்பதே குற்றம்.

நோய் இருந்தது போன்றே மருந்தும் இருந்தது. 4ஆம் நூற்றாண்டில் உரோமைப் பேரரசன் ஜூலியன் கிறித்தவத்தை விட்டு விலகிப் பழைய தெய்வ வழிபாட்டை நிலைநாட்ட முயன்றான். 362ஆம் ஆண்டளவில் கலாத்தியா நாட்டுப் பூசாரி ஒருவருக்கு அவன் எழுதிய மடல் இன்றும் கிடைக்கின்றது. அயலாரைப் பேணுவதாலும் இறந்தோரை அடக்கம் செய்வதாலுமே கிறித்தவர் வளர்ந்தனர் என அவன் அதில் ஒப்புக்கொண்டு, ஊர்தோறும் வழிப்போக்கர் விடுதிகளை அமைக்குமாறு ஆணையிட்டான். பகைவன் வாயால் கிடைத்த சான்றினும் சிறந்த சான்று யாது? அவனுக்குப் பின் சில ஆண்டுகளில், கப்பதோக்கியா நாட்டுச் செசரியா நகரின் புறத்தே ஆயர் பசிலியார் வழிப்போக்கர்க்கும் வறியவர்க்கும் தொழுநோயாளர்க்கும் ஒரு குடியிருப்பையே எழுப்பினார். 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த துறவு ஒழுங்கு, வருகின்ற விருந்தினர் அனைவரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என விதித்தது. ஏழையரையும் வழிப்பயணிகளையும் ஏற்பதில் தனிக்கவனம் வேண்டும் என்றும் அது கூறிற்று. செல்வர்க்கு அவர்தம் செல்வமே மரியாதையைத் தேடித் தந்துவிடும் என்பது அவர் காட்டிய காரணம். மனித இயல்பை இதனினும் நன்கு அறிந்து எழுதிய விதி அரிது.

சுவர் எழுப்பிய கதை

தமிழகத்துத் திருச்சபை வரலாற்றில் பெருமைக்குரிய பக்கங்கள் பல. வேளாங்கண்ணியில் சமயம் கேளாது அனைவரும் நுழைகின்றனர். நெல்லைச் சீமைச் சபைகளில் வீட்டுக்கு வீடு அரிசி திரட்டிப் பொதுவில் சமைத்து, அனைவரும் ஒரே பந்தியில் உண்ணும் அசன விருந்து இன்றும் நடைபெறுகின்றது. ஆனால் அவ்வரலாற்றின் இருண்ட பக்கங்களை மறைப்பது கல்வியாளர்க்கு அழகன்று.

1833ஆம் ஆண்டில் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை முற்றாகவும் உடனடியாகவும் ஒழிய வேண்டும் எனச் சுற்றுமடல் விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. ஒரே அப்பத்தில் பங்கு கொள்வோர் ஒரே பாயில் அமர மறுத்தனர். திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872ஆம் ஆண்டு எழுந்த கத்தோலிக்க ஆலயமோ அம்மனநிலையைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் வடித்தது. இரு கூடங்கள் தனித்தனியே நீண்டு, ஒரே பீடத்தில் வந்து கூடுமாறு அது கட்டப்பட்டது. பீடத்தில் நிற்கும் குரு இரு திறத்தாரையும் காண்பார். ஒரு கூடத்தார் மறுகூடத்தாரைக் காணார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கௌசானல் பாதிரியார் அப்பிரிவினையை அகற்றியபோது, தனியுரிமை கோரியோர் நீதிமன்றம் ஏறினர். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்ற அவ்வழக்கில் அவர்களின் கோரிக்கை தோற்றது.

சபைக்குள் இருப்பவரையே அயலாராக்கத் தெரிந்த உள்ளம், வெளியிலிருந்து வரும் அயலாரை எவ்வாறு வரவேற்கும்? வடக்கன்குளத்துச் சுவர் இன்று இல்லை. ஆனால் புதியவரை நோக்கி, எந்த ஊர், எந்தப் பகுதி, யாருடைய பிள்ளை என்று அடுக்கும் வினாக்கள் எந்தச் சுவரைத் தேடுகின்றன? ஊரைக் கேட்பது உறவு கொள்வதற்காயின் அது பண்பு. தரம் பிரிப்பதற்காயின் அது சுவர். செங்கல்லாலான சுவரை இடிக்க நீதிமன்றம் துணைநின்றது. வினாவாலான சுவரை இடிக்க மனச்சான்று ஒன்றே உண்டு.

கப்பலில் வந்தவர்கள்

மலேசிய சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகளுக்கு மற்றோர் உண்மையும் மறந்துபோயிற்று. அவை அனைத்தும் அயலாராய் வந்தவர்கள் நிறுவியவை. கங்காணியின் பின்னால் கப்பலேறியவர்களும், எழுத்தராகவும் ஆசிரியராகவும் வந்தவர்களுமே அவற்றின் முதல் உறுப்பினர்கள். 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை கடலைக் கடந்துகொண்டிருந்த ரஜுலா கப்பலின் மேல்தளத்தில் மூட்டை முடிச்சுகளுடன் படுத்து வந்தோர் எத்தனை ஆயிரவர்! பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவின் தொற்றுத்தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்த பின்னரே பலர் இம்மண்ணில் கால்வைத்தனர். தோட்டத்து லயங்களில் ஒருவர் முகம் ஒருவர் அறியார். அந்நிலையில் அவர்களுக்குத் தமிழில் செபிக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. சிங்கப்பூர் ஓபிர் சாலையில் 1888ஆம் ஆண்டு தமிழ்க் கத்தோலிக்கர்க்கென எழுந்த லூர்து அன்னை ஆலயம் பிரெஞ்சுக் குருமாரின் உழைப்பால் எழுந்தது. அயல்நாட்டார் ஒருவர் அயல்நாட்டார் சிலர்க்கு, இரு சாரார்க்கும் அயலான மண்ணில் அமைத்துத் தந்த வீடு அது. அவ்வாறு பெற்ற வீட்டின் வாயிலை அடுத்து வருபவர்க்கு அடைப்பது நன்றி கொன்ற செயலாகாதா?

அயலார் என்போர் பிறப்பால் அயலாரும் அல்லர். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை பெறாதவர்க்கு வேலை அனுமதியைக் கட்டாயமாக்கியது. பல்லாண்டு பால்மரம் சீவியவர்கள் ஒரு தாளின் குறையால் அயலாராகித் தமிழகம் திரும்பினர். அங்கும் அவர்கள் அயலாரே. பின்வந்த ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடமைப்புத் திட்டங்களாக மாறியும் மறைந்தபோது, தோட்டத்துச் சிற்றாலயங்களில் பாடி வளர்ந்த குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளில் வந்து குடியேறின. பட்டணத்துப் பெரிய ஆலயங்களில் அவர்கள் கடைசி இருக்கைகளில் அமர்ந்தனர். அவர்களுள் எத்தனை குடும்பங்கள் ஓசையின்றி வெளியேறின என்பதற்கு எந்தச் சபையும் பதிவேடு வைத்திருக்கவில்லை. இளையோர் ஆங்கில வழிபாட்டுக்குப் போய்விட்டனர் என அங்கலாய்க்கும் சபையார், பெயர்சொல்லி அழைக்கப்படும் இடத்தை நாடியே பலர் போயினர் என்பதை ஏன் எண்ணுவதில்லை?

இன்றைய அயலார் வேறு வடிவில் வருகின்றனர். தமிழகத்திலிருந்து உணவகங்களிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் கட்டுமானத் தளங்களிலும் பணியாற்ற வந்த இளைஞர்; மியன்மாரிலிருந்து உயிர் தப்பி வந்த சின் இனக் கிறித்தவர்; ஈழப்போர் விரட்டிவிட்ட தமிழர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையொப்பமிடவில்லை. ஆதலின் அகதிக்குச் சட்டம் தரும் நிழல் குறைவு. சட்டத்தின் நிழல் குறையும் இடத்திலேயே சபையின் நிழல் மிகுதியாக வேண்டப்படுகின்றது.

மறுப்பும் விடையும்

இவ்வாறு கூறும்போது சில மறுப்புகள் எழும்.

சபை ஒரு குடும்பம். முதலில் குடும்பத்தாரைக் கவனிக்க வேண்டும் என்பர் சிலர். குடும்பத்தைக் கவனிப்பதைத் தடுப்பார் எவரும் இலர். ஆனால் தமிழ் மரபில் குடும்பம் நடத்துவதன் நோக்கங்களுள் ஒன்றே விருந்து ஓம்புதல். வள்ளுவர் அதனை இல்லறவியலில் வைத்ததன் கருத்தும் அதுவே. விருந்தினர் வாராத வீட்டைத் தமிழர் நிறைவான வீடெனக் கொண்டதில்லை. குடும்பம் என்ற சொல்லைக் கதவாக்கிப் பூட்டுவோர் குடும்பத்தின் பொருளையே இழக்கின்றனர்.

வருவோரில் ஏமாற்றுவோர் உளர் என்பர் வேறு சிலர். உண்மைதான். இதனைத் தொடக்கத் திருச்சபையும் அறிந்திருந்தது. பன்னிரு திருத்தூதரின் போதனை எனப்படும் பழங்கால நூல் இதற்கு வகை செய்துள்ளது. வழிப்போக்கரை ஏற்று உதவுக; வேண்டுமாயின் இரண்டு மூன்று நாள்கள் தங்கட்டும்; நிலையாய்த் தங்க விரும்பின் தொழில் செய்து உண்ணட்டும்; தொழில் அறியாதவராயின் சோம்பியிராது வாழ வழி தேடித் தருக என்பது அதன் சாரம். விழிப்பும் அன்பும் அங்குக் கைகோத்து நிற்கின்றன. அவர்கள் விதி வகுத்தது தொடர்ந்து கொடுப்பதற்காக. இக்காலத்தார் அச்சத்தைக் காட்டுவதோ கொடாதிருப்பதற்காக. ஒருவர் ஏமாற்றினார் என்று நூறு பேரைத் தண்டிப்பது எவ்வகை நீதி?

மொழியும் மரபும் கெட்டுவிடும் என்பர் மற்றும் சிலர். தமிழ்ப்பற்றின் பெயரால் எழும் இம்மறுப்பைத் தமிழாசிரியர்கள் கூர்ந்து ஆராய்தல் வேண்டும். வாயிலில் வாடி நிற்பவருள் பெரும்பாலோர் தமிழரே. உணவகத்தில் பாத்திரம் கழுவும் தஞ்சை இளைஞனின் தமிழால் எந்தச் சபையின் தமிழ் கெடும்? பிறமொழியாளர் வந்தாலும் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. பெந்தெகொஸ்தே நாளில் ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் கேட்டனர் என்றே அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகின்றது. எல்லாரும் ஒரே மொழிக்கு மாறினர் என்று கூறவில்லை. அருகில் அமர்ந்து இரண்டு வாக்கியங்களை மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர் முன்வருவாராயின், தமிழ் வழிபாடு தமிழாகவே நிற்கும், வந்தவரும் நிற்பார். உண்மையில் தமிழ் வழிபாட்டை அழிப்பது வருகின்ற அயலார் அல்லர், வெறுமையாகும் இருக்கைகளே.

வரவேற்புக் குழு இருக்கின்றதே என்பது இறுதி மறுப்பு. ஆபிரகாம் மம்ரேயில் கூடார வாயிலில் அமர்ந்திருந்தபோது மூன்று அயலாரைக் கண்டார். வேலையாளை அனுப்பவில்லை, வெயிலேறிய வேளையில் தாமே ஓடினார். அறத்தைக் குழுவிடம் ஒப்படைக்கலாம் எனின், செபத்தையும் குழுவிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருந்துவிடலாமே!

செய்ய வேண்டுவன

புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னாள் ஆலயத் திருவிழாவிற்கு ஆண்டுதோறும் சூலை மாதத்தில் பல்லாயிரவர் திரள்கின்றனர். இந்துக்களும் பௌத்தர்களும் மெழுகுவத்தி ஏந்தி மலையேறுகின்றனர். அக்காட்சியைச் சொல்லிப் பெருமை கொள்ளாத கிறித்தவர் இலர். ஆயிரவராய் வரும்போது பெருமையாகத் தோன்றும் அயலார், தனியொருவராய்ச் சாதாரண ஞாயிற்றுக்கிழமை வரும்போது மட்டும் ஏன் கண்ணுக்குப் புலப்படுவதில்லை? கூட்டத்தை வரவேற்பது எளிது; அதற்கு ஒலிபெருக்கியும் பந்தலும் போதும். ஒருவரை வரவேற்பதற்கோ ஒரு மனிதர் தம் நேரத்தைத் தர வேண்டும்.

அவ்வாறு தருவதற்கு மாட்சிமிக்க திட்டம் எதுவும் தேவையில்லை. புதியவரை எழுப்பி நிறுத்தும் வழக்கத்தை விட்டு, அவர் அருகில் ஒருவர் சென்று அமரட்டும். வழிபாட்டின் பின் முதல் பத்து நிமிடம் தெரிந்தவரோடு பேசுவதில்லை எனச் சபையார் உறுதி கொள்ளட்டும். ஞாயிறு விடுமுறை கிட்டாத தொழிலாளர்க்காக அவர்கள் ஓய்வு பெறும் நேரத்தில் ஒரு வழிபாடு வைக்கட்டும். மூன்றாம் ஞாயிறு வாராதவரை நான்காம் நாள் தேடிச் செல்லட்டும். கிறிஸ்துமஸ் நாளில் ஒவ்வொரு குடும்பமும் இந்நாட்டில் உற்றார் இல்லாத ஒருவரைத் தன் வீட்டு மேசைக்கு அழைக்கட்டும். அதனினும் முதன்மையானது ஒன்று உண்டு. வந்தவர் உண்டுவிட்டுப் போகும் விருந்தினராகவே என்றும் இருத்தலாகாது. அவர் வேதம் வாசிக்கட்டும், பாடற்குழுவில் பாடட்டும், ஆட்சிக்குழுவில் அமரட்டும். பந்தியில் இடம் தந்து பொறுப்பில் இடம் மறுப்பது, அவர் என்றும் அயலாரே என இனிமையாகச் சொல்லும் முறையாகும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இவ்விவாதத்தில் பங்குண்டு. அவர்கள் எச்சமயத்தவராயினும் சரியே. விருந்தோம்பலைத் தேர்வு வினாவாகவும், நன்னெறிப் பாடத்தின் ஒரு பக்கமாகவும் மட்டும் கற்றுத் தேர்ந்த தலைமுறைதான் நாளைய ஆலயங்களையும் கோயில்களையும் சங்கங்களையும் நடத்தப்போகின்றது. வகுப்பறைக்குப் பாதி ஆண்டில் வந்து சேரும் மாணவனுக்குப் பக்கத்து இருக்கையைத் தானே முன்வந்து தரும் சிறுவன், பின்னாளில் வாயிலில் நிற்பவரையும் காண்பான். அதிகாரத்தை ஒப்புவித்து முழு மதிப்பெண் பெற்றும் அவ்விருக்கையில் தன் புத்தகப் பையை வைத்துக்கொள்ளும் சிறுவன் குறளைப் படித்தவன் ஆகான்.

கிறித்தவ நம்பிக்கையின் மையத்தில் நிற்பவரே அயலாராய்ப் பிறந்தவர். பெத்லகேமின் சத்திரத்தில் அவர் பெற்றோர்க்கு இடமில்லை. உயிர்த்த பின் எம்மாவு வழியில் அவர் நடந்தபோதும் அயலாராகவே கருதப்பட்டார். உடன்நடந்த இருவரும் வழியில் கேட்ட விளக்கங்களால் அவரை அடையாளம் காணவில்லை. பொழுது சாய்ந்தது என்று வற்புறுத்தி அழைத்துச் சென்று ஒரே மேசையில் அமர்ந்தபோதே கண்டுகொண்டனர். அவர்கள் அந்த வழிப்போக்கரை வழியிலேயே அனுப்பிவிட்டிருந்தால், யாரோடு நடந்தோம் என்பதை அன்றிரவு அறிந்திருக்கவே மாட்டார்கள். இறுதித் தீர்ப்பைப் பற்றி மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் எழுப்பும் வினாக்களுள் அயலாரை ஏற்றது பற்றிய வினாவும் ஒன்று. ஆலயத்தின் கோபுர உயரம் பற்றியோ, பாடற்குழுவின் இனிமை பற்றியோ, ஆண்டறிக்கையின் தடிப்பு பற்றியோ அங்கு ஒரு வினாவும் இல்லை. தேர்வுத் தாளில் வரும் வினா முன்கூட்டியே வெளிப்படையாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அதன்பின்னும் அப்பாடத்தைப் படியாமல் தேர்வுக்குச் செல்லும் சபைகளுக்கு வேறு எந்த ஆசிரியர் உதவ முடியும்?